கேஸ் டிரிம்மர் எது வாங்கலாம்? வெட்டியும் நீளம் ஒன்றாக வரவில்லை

நீள்குழல்:

வணக்கம். ரீலோடிங்குக்கு, அதாவது சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை (கேஸை) மறுபடி நிரப்பிப் பயன்படுத்தும் வேலைக்கு, வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். .308 வின்செஸ்டர் போல்ட் துப்பாக்கி ஒன்று இருக்கிறது, இலக்குச் சுடுதலுக்கு மட்டும்தான். ஒரு தடவைக்கு ஐம்பது அறுபது கேஸ், அதிகம் போனால் நூறு. புதுக் கேஸ்களாக இருந்தவரை டிரிம் பண்ணும் (நீண்டுவிட்ட வாயைச் சீவிக் குறைக்கும்) வேலையே வரவில்லை. இப்போது நான்காவது சுற்று. சைஸ் பண்ணிவிட்டு (சுட்டதில் விரிந்த கேஸை டை என்ற அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்கு நெருக்கிவிட்டு) வெர்னியர் வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் 51.18 மில்லிமீட்டரைத் தாண்டி நிற்கின்றன. கையேட்டில் அதுதான் உச்ச நீளம், அதாவது 2.015 அங்குலம். வெட்டிய பிறகு நிற்க வேண்டிய நீளம் 50.93.

தெரிந்தவர் ஒருவரிடம் கையால் சுற்றுகிற லேத் வகை டிரிம்மர் ஒன்றை இரவல் வாங்கினேன். கேஸின் அடியைக் காலெட் என்ற இறுக்குப்பிடி பிடித்துக்கொள்ளும், பைலட் என்ற வழிகாட்டித் தண்டு கழுத்துக்குள் போகும், கைப்பிடியைச் சுற்றினால் கட்டர் வாயைச் சீவும், அந்த மாதிரி. இருபது கேஸ் வெட்டி அளந்தேன். 50.86-லிருந்து 51.02 வரை ஆளுக்கொரு நீளம்! ஸ்டாப் திருகை இரண்டு தடவை இறுக்கிப் பார்த்தும் அதே கதைதான். பழைய கருவி, தேய்ந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் .223 செமி-ஆட்டோ ஒன்றும் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு சுடுதளத்தில் பொறுக்கிய கலவைக் கேஸ் சுமார் அறுநூறு டப்பாவில் கிடக்கிறது. அத்தனையையும் கையால் சுற்றுவதை நினைத்தாலே தோள்பட்டை வலிக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிரிம்மர் வாங்கலாமா, வாங்கினால் எந்த வகை? பெயர்களைப் படித்துப் படித்துக் குழம்பிப்போனேன்.

கடைசல்பட்டறை:

பெயரை அப்புறம் பார்க்கலாம். எந்த டிரிம்மரை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது, அது கேஸை எங்கே முட்டுக்கொடுத்து நீளத்தைக் கணக்கிடுகிறது என்பதுதான். அடிப்பகுதியிலிருந்தா, தோளிலிருந்தா (உடம்பு சரிந்து கழுத்தாகக் குறுகும் இடம்)? கையால் சுற்றுவதா மோட்டாரா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஃபார்ஸ்டர், ரெட்டிங், ஆர்சிபிஎஸ், லைமன் என்று எல்லோருடைய லேத் வகைக் கருவியும் அடியிலிருந்து கணக்கு வைப்பவை. அதாவது மொத்த நீளம். கையேட்டில் இருக்கும் எண்ணும் அதேதான், அதனால் அமைப்பது எளிது. ஆனால் அடி என்றால் எந்த அடி? காலெட்டோ, கேஸின் அடியைச் செருகும் ஷெல் ஹோல்டரோ பிடிப்பது ரிம்மை, அதாவது அடியின் விளிம்பை. சுட்ட கேஸைத் துப்பாக்கியிலிருந்து வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பட்ட இடத்தில் ரிம்மில் ஒரு சின்னப் பிசிர் நின்றால் போதும், கேஸ் சற்றே சாய்ந்தோ முன்தள்ளியோ உட்காரும். காலெட் வகையில் இன்னொரு தொல்லையும் உண்டு. இறுக்கும்போது அது கேஸைக் கூடவே கொஞ்சம் இழுக்கும், எவ்வளவு இழுக்கும் என்பது ரிம்மின் கனத்தையும் உங்கள் கையின் இறுக்கத்தையும் பொறுத்தது. தேய்மானம் என்று நீங்கள் நினைப்பது இதுவாகவே இருக்கலாம்.

எல்.இ. வில்சன் டிரிம்மரில் இந்தத் தொல்லை குறைவு. கேஸை அதற்கென்றே கடைந்த ஒரு குழலுக்குள் தட்டி உட்கார வைப்போம், கேஸின் உடம்பில் இருக்கிற லேசான சரிவே பிடித்துக்கொள்ளும், அடிமுகம் நேராக ஒரு ஸ்டாப் திருகில் முட்டும். ரிம்மைப் பிடிக்கிற பேச்சே இல்லை, பைலட்டும் வேண்டாம். நிதானமான கருவி, ஆனால் வெட்டிய வாய் அவ்வளவு நேராக இருக்கும். ஐம்பது அறுபது கேஸ்காரருக்கு அது போதும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே கேஸ். வெட்டுங்கள், வெளியே எடுங்கள், கால் சுற்று திருப்பித் திரும்ப மாட்டுங்கள், மறுபடி கைப்பிடியைச் சுற்றுங்கள். ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் பித்தளைத் தூள் விழுந்துகொண்டே இருந்தால் பிடிமானம் ஆடுகிறது என்று அர்த்தம். முதல் தடவைக்குப் பிறகு ஒன்றுமே விழவில்லை என்றால் கருவி சரி, உங்கள் அளவெடுப்பில்தான் கோளாறு. பழைய ப்ரைமரை, அதாவது அடியில் இருக்கும் தீமூட்டியை, கழற்றிவிட்டுத்தானே அளந்தீர்கள்? வாயில் பிசிரை எடுத்தீர்களா? வெட்டிய வாயில் பிசிர் ஒரு ஓரமாக எழும்பி நிற்கும், கேலிப்பர் அதன் தலையில் உட்கார்ந்து பொய் சொல்லும்.

ஆயிரங்கூடு:

அறுநூறு .223 என்று சொன்னீர்களே, அதற்குத்தான் பதில் சொல்கிறேன். தோளிலிருந்து கணக்கிடும் வகையை எடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு.

லிட்டில் குரோ கன்வொர்க்ஸின் டபிள்யூஎஃப்டி மாதிரியானவை. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு உருளை, அதன் தண்டை டிரில்லில் மாட்டிக்கொள்ளலாம். கேஸைக் கையால் பிடித்து வாய்ப்பக்கமாக உள்ளே தள்ளினால் தோள் போய் ஒரு படியில் முட்டும், கட்டர் மிச்சத்தைச் சீவிவிடும். மாட்டுவது கழற்றுவது என்று எதுவும் கிடையாது. முதலில் கரகரவென்று ஒரு சத்தம், கையில் ஒரு அதிர்வு, வெட்ட வேண்டியது தீர்ந்ததும் சத்தம் சட்டென்று அடங்கி வழுக்கிக்கொண்டு சுற்றும். கேஸை ஒரு தடவை விரலால் உருட்டிவிட்டு வெளியே எடுக்க வேண்டியதுதான். அந்தச் சத்தம் பழகிவிட்டால் ஒரு கேஸுக்கு மூன்று நான்கு விநாடி. ஃபிராங்ஃபோர்ட் ஆர்சனலின் பிளாட்டினம் வரிசைக் கருவியும் தோளைத்தான் பிடிக்கிறது, அதில் மோட்டாரும் பிசிர் எடுக்கிற தலைகளும் கூடவே வருகின்றன. ஜிராட் இன்னும் ஒரு படி மேல். அதன் மூன்று அலகுக் கட்டர் நீளத்தை வெட்டி, உள்வாயைச் சரித்து, வெளிப்பிசிரையும் எடுத்துவிடும், எல்லாம் ஒரே தள்ளலில். டில்லானின் ரேபிட் டிரிம், டையை மாட்டி அழுத்தும் பிரஸ்ஸின் தலையிலேயே உட்கார்வது, கேஸ் சைசிங் டைக்குள் இருக்கும்போதே மேலிருந்து மோட்டார் வெட்டிவிடும். அறுநூறுக்கு அது தேவையில்லை, ஆயிரக்கணக்கில் செய்பவர்களுக்கானது.

ஆனால் ஒன்று. தோள் எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் கணக்கு. அதனால் சைஸ் பண்ணாத கேஸை உள்ளே விடவே கூடாது. வேறு வேறு துப்பாக்கியில் சுட்ட கலவைக் கேஸ் என்றால் தோள் வேறு வேறு உயரத்தில் இருக்கும், நீளமும் அதே அளவு மாறும். முதலில் எல்லாவற்றையும் ஒரே டையில் ஒரே அமைப்பில் சைஸ் பண்ணுங்கள், அப்புறம் சைஸ் பண்ணத் தடவிய லூப்ரிகன்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். நான் ஆரம்பத்தில் துடைக்காமல் போட்டேன். இருநூறாவது கேஸ் வாக்கில் நீளம் கூடிக்கொண்டே போனது. பிரித்துப் பார்த்தால் லூப்பும் பித்தளைத் தூளும் சேர்ந்து தோள் முட்டுகிற இடத்தில் பசை மாதிரி அப்பியிருந்தது. கேஸ் முழுதாக உள்ளே போகவே இல்லை, நான் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஐம்பதுக்கு ஒரு தடவை ஊதிவிடுவது பழக்கம். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள், தூள் கண்ணுக்கு வரும்.

சிக்கனம்:

இரண்டு பேரும் பெரிய பெரிய பெயராகச் சொல்லிப் பயமுறுத்துகிறீர்கள். லீயின் சின்னக் கட்டர் செட்டை யாரும் பேசக் காணோம். ஒவ்வொரு காலிபருக்கும் ஒரு ஊசி. அது கழுத்து வழியாகப் போய் ப்ரைமர் தீப்பொறி வருகிற துளைக்குள் இறங்கி அடியில் இருக்கிற தாங்கியில் முட்டும், முட்டியதும் வெட்டு நின்றுவிடும். நீளம் ஊசியிலேயே தீர்மானமாகிவிட்டது, அமைக்கவும் ஒன்றுமில்லை, அமைப்பைக் கெடுக்கவும் ஒன்றுமில்லை. தாங்கியை டிரில்லில் பிடித்தால் நூறு கேஸ் ஒரு மாலையில் முடியும். பன்னிரண்டு வருடமாக என்னிடம் அதே ஊசிதான்.

குறை சொல்ல வேண்டுமென்றால், உங்கள் இஷ்டத்துக்கு நீளத்தை வைத்துக்கொள்ள முடியாது. இன்னும் குட்டையாக வேண்டுமென்றால் ஊசி நுனியை அரத்தால் தேய்க்கலாம், தேய்த்தது தேய்த்ததுதான், திரும்பி வளராது. ப்ரைமரை முதலில் கழற்றியாக வேண்டும். அவ்வளவே.

தேய்ந்தகுழல்:

நீள்குழல், டிரிம்மர் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 0.16 மில்லி வித்தியாசத்துக்கு இவ்வளவு கவலை தேவையா என்று ஒரு கேள்வி இருக்கிறது. 50.86-ம் 51.02-ம் இரண்டுமே 51.18-க்குக் கீழேதான். உச்ச நீளம் என்று ஒன்றை ஏன் வைத்தார்கள்? துப்பாக்கியில் தோட்டா உட்காரும் சேம்பர் முடிகிற இடத்தில் ஒரு படி உண்டு. கேஸ் அதையும் தாண்டி வளர்ந்தால் வாய் அந்தப் படியில் முட்டி உள்பக்கம் நெருங்கி குண்டைக் கவ்விக்கொள்ளும். சுடும்போது கழுத்து விரிய இடமில்லை, குண்டு லேசில் விடுபடாது, அழுத்தம் எகிறும். ஆபத்து அங்கேதான். அதற்குக் கீழே கால் மில்லி குட்டையாக இருந்தால் துப்பாக்கிக்கு ஒன்றும் தெரியாது. எல்லாக் கேஸும் ஒரே நீளமாக இருந்தே ஆக வேண்டிய இடம் கிரிம்ப் போடுகிற இடம், அதாவது கேஸின் வாயைக் குண்டின் மேல் நெருக்கி இறுக்குகிற இடம். குண்டின் பள்ளத்துக்கு நேராக வாய் வர வேண்டுமென்றால் நீளம் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தொளதொளவென்றும் போகும். போல்ட் துப்பாக்கிக்கு நீங்கள் கிரிம்ப் போடுகிறீர்களா? பெரும்பாலும் மாட்டீர்கள். செமி-ஆட்டோ .223-க்குப் போடுவதாக இருந்தால் அங்கே மட்டும் கவனியுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. வெட்டி எறிகிற பித்தளை எங்கிருந்து வந்தது என்று யாருமே கேட்கவில்லையே. வாயில் கூடுதலாக வளர்ந்தது வானத்திலிருந்து வரவில்லை. சுடும்போது கேஸ் சேம்பரை நிரப்புகிற அளவுக்கு விரிகிறது. டை அதை மறுபடி இடுப்பில் நெருக்குகிறது. களிமண்ணை உள்ளங்கைக்குள் உருட்டினால் நீளுமே, அப்படிப் பித்தளை மேல்பக்கமாக ஏறுகிறது. இன்னொரு பக்கம், தோளைத் தேவைக்கு மேல் கீழே தள்ளி வைத்தால் அடுத்த தடவை சுடும்போது அடிக்குச் சற்று மேலே இருக்கும் சுவர் இழுபட்டு மெலிகிறது. வளர்ச்சி அதிகம் என்றால் அந்த இடம் சீக்கிரம் மெலிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். நான்கு சுற்றில் பாதிக் கேஸ் உச்சத்தைத் தாண்டியது என்றால், புதுக் கேஸ் முதலில் எந்த நீளத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தும் இருக்கிறது, ஆனாலும் நான் டையைப் போய்ப் பார்ப்பேன். சுட்ட கேஸில் தோள் எங்கே இருக்கிறது, சைஸ் பண்ணிய பிறகு எங்கே இருக்கிறது என்று கம்பேரேட்டர் (அடியிலிருந்து தோள் வரை அளக்க வெர்னியரில் மாட்டும் துணைக்கருவி) வைத்து அளந்து பாருங்கள். போல்ட் துப்பாக்கிக்கு 0.05 மில்லி தள்ளினால் போதும். புத்தகத்தில் போட்டபடி டையை ஷெல் ஹோல்டரில் முட்டவிட்டு அதற்கு மேலும் கால் சுற்று இறக்கியிருந்தால் நான்கைந்து மடங்கு தள்ளிக்கொண்டிருப்பீர்கள்.

டைக்குள் இருந்து கழுத்தை விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டையையும் பாருங்கள். கழுத்தின் உள்ளே லூப் இல்லாமல் வெளியே இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் கேட்கிறதா? கேட்டால் அது கழுத்தைப் பிடித்து மேலே இழுக்கிறது. ஒரு பிரஷ்ஷால் உள்கழுத்தில் கொஞ்சம் உலர்ந்த கிராஃபைட் தடவினால் நிற்கும்.

அப்புறம், ஒரு சன்னமான கம்பியை எடுத்து நுனியைக் கொக்கியாக வளைத்து, கூராக்கி, கேஸுக்குள் விட்டு உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுங்கள். அடியை ஒட்டி ஒரு பள்ளத்தில் நுனி தடுக்கினால் அந்தக் கேஸை டிரிம் பண்ண வேண்டாம், நசுக்கிக் குப்பையில் போடுங்கள். அடுத்த சுடுதலில் அடி வேறு உடம்பு வேறாகப் பிரியப் போகிறது. வெளியே அதே இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தாலும் அதே கதைதான்.

ஆயிரங்கூடு:

கம்பி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், நானே எழுதியிருக்க வேண்டும். சுடுதளத்தில் பொறுக்கியது எத்தனை தடவை சுட்டது என்று நமக்குத் தெரியவே தெரியாது, அறுநூறிலும் அதைச் செய்யுங்கள். நீளம் முக்கியமில்லை என்பதை மட்டும் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்று அலகுக் கட்டர் வைத்திருந்தால் குட்டையான கேஸ் கட்டரை முழுதாக எட்டாது, உள்வாய்ச் சரிவும் குறைவாக விழும், குண்டை உட்கார வைக்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இறங்கும்.

நீள்குழல்:

எல்லோருக்கும் நன்றி. வார இறுதியில் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன், வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பிசிர். ப்ரைமர் கழற்றித்தான் அளந்தேன், ஆனால் பிசிர் எடுக்காமல் அளந்திருந்தேன். வெட்டிய கையோடு வெர்னியர். அதே இருபது கேஸிலும் உள்ளே வெளியே பிசிர் எடுத்துவிட்டு அளந்தால் வித்தியாசம் 0.16-லிருந்து 0.10-க்கு இறங்கியது. கருவியைத் தொடவே இல்லை! அப்புறம் ஒரே கேஸ் சோதனை. பட்டறை அண்ணா சொன்ன மாதிரியே மூன்றாவது தடவையும் தூள் விழுந்தது. ரிம்மை விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன், ஒரு இடத்தில் நகம் மாட்டியது, எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடையாளம்தான். நைஸ் அரத்தால் ஒரே ஒரு இழுப்பு. அடுத்து, காலெட்டை இறுக்கும்போது கேஸின் வாயைக் கட்டைவிரலால் பின்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே இறுக்கிப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து வித்தியாசம் 0.03-க்கு வந்துவிட்டது. இரவல் கொடுத்தவரிடம் கருவி தேய்ந்துபோச்சு என்று சொல்லியிருந்தேன், அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, அப்படியானால் நீயே வைத்துக்கொள், எனக்குத் தேவையில்லை என்றார்.

தேய்ந்தகுழல் அண்ணா, நீங்கள் சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. தோள் 0.22 மில்லி பின்னால் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் எழுதிய அதே கால் சுற்றுதான். எக்ஸ்பாண்டரும் கீச்சென்றுதான் கத்துகிறது, ஏதோ எல்லா டையும் அப்படித்தான் கத்தும் என்று இருந்துவிட்டேன். கம்பியில் இரண்டு கேஸ் தடுக்கியது. ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன், அடிக்கு மேலே உள்பக்கம் நகம் போகிற அளவுக்கு ஒரு கோடு. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. அந்த நூறு கேஸையும் ஒதுக்கிவிட்டேன், டையைத் திருத்திப் புதுக் கேஸில் ஆரம்பிக்கிறேன்.

.223-க்கு மட்டும் தோள் வகை ஒன்று வாங்கலாம் என்று முடிவு. ஆயிரங்கூடு அண்ணா, மூன்று அலகுக் கட்டர் எடுக்கட்டுமா, சாதாரணமாக வெட்டுவது மட்டும் போதுமா?

ஆயிரங்கூடு:

அறுநூறு கேஸில் பிசிர் எடுக்கும் வேலைதான் விரலை உரிக்கும், வெட்டுவது அல்ல. மூன்று அலகையே எடுங்கள். ஆனால் அதை அமைக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள். உள்வாயைச் சரிக்கிற அலகு கொஞ்சம் உள்ளே வந்துவிட்டால் வாய் கத்தி மாதிரி கூராகிவிடும். கூரான வாய் கிரிம்ப் போடும்போது கிழியும். நுனியில் கொஞ்சமாவது தட்டையான விளிம்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். நீளத்தை 44.45-க்கு வையுங்கள், உச்சம் 44.70. முதல் நான்கைந்து கேஸைத் தியாகம் பண்ணத் தயாராக இருங்கள். தாராளமாக நீளமாகவே ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுபோய், ஒவ்வொரு தடவையும் பூட்டுத் திருகை இறுக்கிய பிறகு அளங்கள். திருகை இறுக்கும்போதே அமைப்பு நகரும், இறுக்குவதற்கு முன் எடுத்த அளவை நம்ப வேண்டாம்.

கடைசல்பட்டறை:

இன்னொன்று, சரியாக அமைந்த பிறகு அந்த நீளத்தில் வெட்டிய ஒரு கேஸைத் தனியாக எடுத்து, உடம்பில் பெயின்ட் பேனாவால் கோடு போட்டுக் கருவியோடு அதே டப்பாவில் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை கட்டர் அசையவில்லை என்று தெரிந்துகொள்ள அதை உள்ளே விட்டுச் சுற்றினால் போதும், தூள் விழக் கூடாது. அந்த .308 டிரிம்மருக்கும் அப்படி ஒன்று செய்துவையுங்கள். பைலட்டில் ஒரு சொட்டு எண்ணெய், கழுத்துக்குள் பித்தளை ஒட்டிக்கொண்டு கீறாமல் இருக்கும்.

சிக்கனம்:

ஓசியிலேயே டிரிம்மர் கிடைத்துவிட்டது. என்னைவிட நீங்கள்தான் சிக்கனம்.